கடன் நெருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைகள்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருப்பூர், பல்லடம் வட்டாரத்துப் பள்ளிகளில் பெற்றோரோடு பேசும் ஆலோசகராக இருக்கிறேன். பையனின் மதிப்பெண்ணில் தொடங்கும் பேச்சு பெரும்பாலும் வாரக் குழுத் தவணையிலோ, அடகுக் கடையில் கிடக்கும் நகையிலோ போய் முடிகிறது. 2020 ஊரடங்கு, 2022இல் நூல் விலையேற்றம், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விதித்த 50 விழுக்காடு வரி என்று பனியன் தொழில் அடிவாங்கிய ஒவ்வொரு முறையும் இதே சந்தேகங்களோடு புதிய பெற்றோர் வந்தார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கடன், வட்டி எல்லாம் என்ன புரியப்போகிறது? அவர்கள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?

கணக்கு புரியாது. அம்மாவின் முகம் புரியும். சோற்றுத் தட்டைத் தரையில் வைக்கும் சத்தம், மணி அடித்ததும் அப்பா போனைக் கவிழ்த்து வைப்பது, வாசலில் ஒரு பைக் நின்றால் வீட்டுப் பேச்சு சட்டென்று நிற்பது, போன வாரம்வரை அம்மாவின் காதில் இருந்த தோடு இப்போது இல்லாதது எல்லாவற்றையும் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். கேட்காமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். கேட்டால் அம்மா அழுவாள், அப்பா கத்துவார் என்பதையும் அவர்களே கற்றுக்கொண்டிருப்பார்கள்.

விளையாடுவதை வைத்துக் கவலை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகள் பெரியவர்களைப் போல ஒரே துயரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அழுத பிள்ளை பத்து நிமிடத்தில் பந்து ஆடப் போகும். இரவில் படுத்ததும் அதே கவலை திரும்பி வரும்.

கைக்குழந்தைக்குக்கூடவா தெரியும்?

தெரியும். 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சாரா வாட்டர்ஸும் வெண்டி மெண்டிஸும் தம் குழுவினரோடு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தைகளை வேறு அறையில் வைத்துவிட்டு, அம்மாக்களைச் சிலர் முன்னால் பேச வைத்தார்கள். அம்மாக்களில் ஒரு பகுதியினர் பேசும்போது, கேட்டவர்கள் முகம் சுளித்து, தலையை ஆட்டி, அவர்களைப் பதற வைத்தார்கள். பிறகு குழந்தையை அம்மாவின் மடியில் கொண்டுவந்து விட்டபோது, நடந்ததைப் பார்க்காத அந்தக் குழந்தையின் இதயத் துடிப்பும் அம்மாவின் பதற்றத்தைப் பின்தொடர்ந்தது. சொல்லித் தெரிய வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

பிரச்சினை பணம்தானே? பணம் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். 1980களில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் விவசாயிகள் பெருங்கடனில் சிக்கினார்கள். வட்டி ஏறியது, நிலத்தின் விலை சரிந்தது, பல குடும்பங்கள் தலைமுறையாக வைத்திருந்த பண்ணைகளை இழந்தன. ரேண்ட் காங்கர், கிளென் எல்டர் என்ற ஆய்வாளர்கள் 1989 முதல் அங்கே 451 குடும்பங்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது.

அவர்கள் கண்டது ஒரு சங்கிலி. பணமுடை முதலில் பெற்றோரின் மனத்தைத் தாக்குகிறது. சோர்வும் எரிச்சலும் கூடுகின்றன. அந்த எரிச்சல் கணவன் மனைவிக்கு இடையில் சண்டையாகிறது. சண்டையில் களைத்தவர்கள் பிள்ளையிடம் கடுமையாகவோ, கண்டுகொள்ளாமலோ நடந்துகொள்கிறார்கள். பிள்ளையின் மனநிலையும் படிப்பும் நடத்தையும் கெடுவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். கடன் நேராகப் பிள்ளையைத் தொடுவதைக் காட்டிலும், பெற்றோர் வழியாகவே அதிகம் தொடுகிறது.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவணை குறைந்தால், ஆர்டர் வந்தால், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஆனால் பணம் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று கைகட்டி உட்கார்ந்தால், பிள்ளைக்கு அந்த ஆண்டுகள் திரும்பி வராது. அந்தச் சங்கிலியில் கடன் என்ற முதல் கண்ணி உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். பிந்திய கண்ணிகள் இரண்டிலும் இன்றைக்கே கைவைக்க முடியும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவைதான்.

என் பிள்ளை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாற்றத்தைப் பாருங்கள். படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்தியிருந்த நான்கு, ஐந்து வயதுப் பிள்ளை மறுபடியும் தொடங்கலாம், உங்களை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்ளலாம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையில் வயிற்று வலி, தலைவலி வரும். அது நடிப்பு இல்லை, வலி உண்மையானது. குழுத் தவணை கட்டும் கிழமையில்தான் அந்த வலி வருகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். பதின்வயதில் எரிச்சல், தூக்கக் குறைவு, நண்பர்களை விட்டு ஒதுங்குதல், திடீர் மதிப்பெண் சரிவு என்று வெளிப்படும்.

உடல் நோய் ஏதும் இல்லை என்பதை முதலில் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மாற்றம் நீடித்தால் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள். வீட்டில் நெருக்கடி இருக்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும், விவரம் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

என் மகள் எதையும் கேட்பதே இல்லை. தீபாவளிக்குத் துணிகூட வேண்டாம் என்றாள். இவ்வளவு பொறுப்பான பிள்ளைக்கு என்ன பாதிப்பு இருக்கப்போகிறது?

எனக்கு அதிகம் கவலை தருவது இந்தப் பிள்ளைதான். பெஞ்சைத் தட்டிச் சண்டை போடுகிறவனை ஆசிரியர் கவனித்துவிடுவார். எதையும் கேட்காத, அம்மாவின் கண்ணைப் பார்த்தே நடந்துகொள்கிற, தம்பிக்குச் சோறூட்டிவிட்டுத் தான் சாப்பிட்டதாகச் சொல்கிற பிள்ளையை எல்லோரும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பத்து வயதில் அவள் வீட்டின் நிதி நிலைமையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். உங்களைத் தேற்றும் வேலையும் அவளுடையதாகிவிட்டது.

வீட்டு வேலை செய்வதால் கெடுதல் இல்லை. பாத்திரம் கழுவலாம், தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப்போகலாம். தன்னால் வீட்டுக்கு உதவ முடிகிறது என்ற உணர்வு பிள்ளைக்கு நல்லதே. கவலையைச் சுமக்க வைப்பது வேறு. “உன் அப்பாவிடம் நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்” என்று அவளிடம் யோசனை கேட்காதீர்கள். கணவனைப் பற்றிய குறைகளை அவளிடம் கொட்டாதீர்கள். அந்தப் பேச்சுக்கு அக்காவோ, உடன் வேலை செய்யும் தோழியோ வேண்டும்.

அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்: “கடனை அடைப்பது அம்மா அப்பா வேலை. நீ கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. வாங்க முடிந்தால் வாங்கித் தருவோம், முடியாவிட்டால் முடியாது என்று சொல்வோம்.” பிறகு அவள் கேட்கும் ஏதோ ஒரு சின்னப் பொருளை மறுக்காமல் வாங்கிக் கொடுங்கள். ஐந்து ரூபாய் ஸ்டிக்கராக இருந்தாலும் சரி.

அப்படியானால் கடனைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லலாமா? மறைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது நல்லதில்லையா?

அளவாகச் சொல்வதே நல்லது. முன்பு சொன்ன சாரா வாட்டர்ஸ் 2020இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், பதற்றத்துக்கு ஆளான பெற்றோரில் ஒரு பகுதியினரிடம் உணர்ச்சியை அடக்கிக்கொண்டு ஏழு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளோடு ஒரு வேலையைச் சேர்ந்து செய்யச் சொன்னார்கள். அடக்கிய பெற்றோரிடம் கனிவும் ஈடுபாடும் குறைந்தன. அதைப் பார்த்துப் பிள்ளைகளும் பின்வாங்கினார்கள். மறைப்பதற்கே மனத்தின் பலமெல்லாம் போய்விடுவதால் பிள்ளைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. போதாக்குறைக்கு, காரணம் தெரியாத பிள்ளை தன்னால்தான் அம்மா இப்படி இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிடுகிறது.

ஐந்து வயதுக்கு: “அம்மாவுக்கு வேலை இடத்தில் ஒரு கவலை. உன் மேல் கோபம் இல்லை.” எட்டு, பத்து வயதுக்கு: “பாட்டி ஆபரேஷனுக்குக் கடன் வாங்கினோம். மாதாமாதம் கட்டுகிறோம். அதனால் இந்த ஆண்டு டூர் போக முடியாது. சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வழி இருக்கிறது.” பதினைந்து வயதுக்குத் தொகையைச் சொல்லலாம், கட்டும் திட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த வயதானாலும் மூன்று செய்திகள் போய்ச்சேரட்டும்: என்ன நடந்தது, அது உன் தவறு இல்லை, இதைப் பார்த்துக்கொள்வது நாங்கள்.

வசூலுக்கு வருகிறவர்கள் வாசலிலேயே உட்கார்ந்துகொள்கிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளையை என்ன செய்வது?

முதலில், “அப்பா வீட்டில் இல்லை என்று சொல்” என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். உள்ளே அப்பா ஒளிந்திருக்க, வெளியே அதட்டும் ஆளுக்கு முன்னால் ஏழு வயதுப் பிள்ளை பொய் சொல்லி நிற்பது என்ன என்று நினைத்துப் பாருங்கள். அந்த அவமானம் கடன் தீர்ந்தாலும் தீராது. பதில் சொல்ல வேண்டியவர் பெரியவர். தவணை நாளில் பிள்ளை பக்கத்து வீட்டிலோ, டியூஷனிலோ இருக்கட்டும். வந்தவர்கள் போன பிறகு, நடந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுங்கள். எதுவுமே நடக்காததுபோல அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

அடுத்தது உங்கள் உரிமை. பலருக்கு இது தெரியவே தெரியாது. நுண்கடனுக்கு, அதாவது குழுக் கடன் போன்ற சிறு கடன்களுக்கு, ரிசர்வ் வங்கி 2022இல் கொண்டுவந்த விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, தகாத சொல் பேசக் கூடாது, உறவினரையும் உடன் வேலை செய்வோரையும் தொந்தரவு செய்யக் கூடாது. இருவரும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறை அல்லது அதற்கு மேல் அங்கே வராமல் இருந்தால் மட்டுமே வீட்டுக்கு வரலாம். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி நுண்கடன் கொடுக்கவும் கூடாது.

மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராக 2025இல் இன்னொரு சட்டமும் வந்தது. இலவசச் சட்ட உதவிக்கு 15100. மனநலம் பற்றிய பக்கத்தில் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் யாரும் கத்தமாட்டார்கள் என்ற நிலை வந்தாலே அந்த வீட்டுப் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். அதற்காகத்தான்.

பிள்ளைகள் முன்னால் சண்டை போடாதீர்கள் என்கிறீர்கள். ஒற்றை அறை லைன் வீட்டில் நாங்கள் எங்கே போய்ச் சண்டை போடுவது?

நியாயமான கேள்வி. சண்டையே வராத வீட்டை நான் கேட்கவில்லை. மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்தார். பெரியவர்கள் வாக்குவாதம் செய்வதைப் பார்த்த பிள்ளைகள் கலங்கினார்கள். அதே வாக்குவாதம் சமாதானத்தில் முடிந்ததைப் பார்த்தபோது கலக்கம் பெரிதும் தணிந்தது. கதவுக்குப் பின்னால் சமாதானமாகிவிட்டார்கள் என்று பிறகு சொல்லக் கேட்டதும்கூட உதவியது. பேச்சையே நிறுத்திவிட்டு முறைத்துக்கொண்டு திரிவதோ, சத்தமான சண்டையைப் போலவே அவர்களை உறுத்துகிறது.

ஆகவே சண்டையின் முடிவையும் பிள்ளை பார்க்கட்டும். “நேற்று அப்பாவும் நானும் கத்திக்கொண்டோம். பேசி முடித்துவிட்டோம். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம்” என்று காலையில் சொல்லுங்கள். பணக் கணக்குப் பேச வாரத்தில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வதும் நல்லது. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததுமே எந்தக் கடனுக்கு எவ்வளவு என்று சண்டை தொடங்குவதைப் பார்க்கிறேன். அதை ஞாயிறு காலை பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். இது சொற்சண்டைக்கு மட்டும். கை ஓங்கும் வீடு என்றால் இந்தப் பதில் பொருந்தாது.

ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்த களைப்பில் பிள்ளையை அடித்துவிட்டேன். தூங்கும்போது பார்த்தால் அழுகை வருகிறது. இனி என்ன செய்வது?

எழுந்ததும் மன்னிப்புக் கேளுங்கள். “நான் அடித்தது தவறு. களைப்பில் செய்துவிட்டேன்.” இத்தோடு நிறுத்துங்கள். “நீ அப்படிச் செய்ததால்தான்” என்ற வாலை ஒட்டாதீர்கள். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று சில அப்பாக்கள் அஞ்சுகிறார்கள். அப்படிப் போனதை நான் பார்த்ததில்லை.

எட்வர்ட் டிரானிக் என்ற ஆய்வாளர் 1970களில் கைக்குழந்தைகளோடு செய்த ஒரு சோதனை புகழ்பெற்றது. கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார வேண்டும். குழந்தை சிரிக்கும், கையை நீட்டும், சத்தமிடும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கலங்கும். அவருடைய பிந்தைய ஆய்வுகளைத்தான் பெற்றோருக்கு நான் வலியுறுத்திச் சொல்வேன். சாதாரணமான, அன்பான அம்மாவும் குழந்தையும்கூடப் பாதிக்கும் குறைவான நேரமே ஒத்திசைந்து இருக்கிறார்கள். விலகுவதும் மறுபடி சேர்வதுமாகவே உறவு வளர்கிறது. அடி மறுபடியும் மறுபடியும் நடக்கிறது என்றால் மன்னிப்பு போதாது. வீட்டுக்குள் நுழையும் முன் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள், டீ குடியுங்கள், பிறகு உள்ளே போங்கள். அதுவும் உதவாவிட்டால் உங்களுக்கே ஆலோசனை தேவை. அந்த எண் கீழே இருக்கிறது.

கடன் கவலையால்தான் குடிக்கிறேன் என்கிறார் என் கணவர். பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போகலாமா?

அடி உதை இருக்கிறது என்றால் பிள்ளைகளுக்காகவே பொறுத்துப்போகக் கூடாது. தாய் அடிபடுவதைப் பார்க்கும் பிள்ளையும் அடிபட்ட பிள்ளைதான். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகள் உதவி எண் 1098, இரண்டும் எந்த நேரமும் இயங்குகின்றன. அடி இல்லை, குடி மட்டும் என்றால் அதற்குச் சிகிச்சை உண்டு. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் குடிமீட்புச் சிகிச்சை கிடைக்கும். அப்பாவின் பாக்கெட்டைச் சோதிக்கவும், கடையிலிருந்து அவரை அழைத்துவரவும் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

நாங்களும் சின்ன வயதில் இதைவிடக் கஷ்டப்பட்டோம். நன்றாகத்தானே வளர்ந்தோம்?

உண்மை, பலர் நன்றாக வளர்ந்தார்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத சண்டை ஆகியவற்றின் நடுவே வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது, தம்மீது நிலையான அன்பு வைத்த ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டு அம்மா யாராகவும் இருக்கலாம்.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், நினைத்துப் பாருங்கள். ஊரில் வளர்ந்த உங்களைச் சுற்றிச் சித்தப்பா, அத்தை என்று நாலு வீடு இருந்தது. தேனியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்து லைன் வீட்டில் தனியாக வளரும் உங்கள் பிள்ளைக்கு அந்த ஒருவர் யார்? பதில் இல்லை என்றால் அவரைத் தேடிக் கொடுக்க வேண்டியது உங்கள் வேலை.

மன அழுத்தத்தில் வளர்ந்த பிள்ளையின் மூளையே மாறிவிடும், பின்னால் இதய நோய் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இனித் திருத்தவே முடியாதா?

அந்த வீடியோக்களுக்கு மூலம் 1998இல் பெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் கலிபோர்னியாவில் வெளியிட்ட ஆய்வு. சிறுவயதுக் கொடுமைகளின் வகைகள் கூடக்கூட, பெரியவரான பிறகு இதய நோய், மனச்சோர்வு போன்றவற்றின் வாய்ப்பும் கூடியது. ஆனால் அவர்கள் கணக்கெடுத்தது அடி, பாலியல் கொடுமை, வீட்டில் போதைப் பழக்கம், தாய்மீது வன்முறை போன்றவற்றை. கடன் அந்தப் பட்டியலில் இல்லை. அது ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, உங்கள் பிள்ளையின் ஜாதகம் இல்லை. பயம் காட்டுகிற அந்த வீடியோக்களால் பெற்றோரின் பதற்றம் இன்னும் ஏறுவதைத்தான் பார்க்கிறேன். கவாய்த் தீவுப் பிள்ளைகளை மறக்காதீர்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகன், கல்லூரி வேண்டாம், கம்பெனிக்குப் போகிறேன் என்கிறான். கடன் அடையுமே என்று நாங்களும் யோசிக்கிறோம்.

அது அவன் விருப்பமா, உங்கள் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவா என்று முதலில் கேளுங்கள். எதையும் கேட்காத மகளைப் பற்றி மேலே சொன்னது அவனுக்கும் பொருந்தும். “கடன் இல்லாவிட்டால் என்ன செய்திருப்பாய்?” என்று கேட்டால் உண்மை வெளிவரும்.

அவன் அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பெண்களுக்கு இதேபோலப் புதுமைப் பெண் என்ற திட்டம் இருக்கிறது. பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. இத்தனையும் தெரிந்த பிறகும் வேலைக்கே போகிறேன் என்றால், எவ்வளவு காலம், அவன் சம்பளத்தில் எவ்வளவு கடனுக்கு, மீண்டும் எப்போது படிப்பு என்பதை இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். முடிவுத் தேதி இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

என்னால் இனி முடியாது. செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் யாரிடம் பேசுவது?

இப்போதே 14416 எண்ணை அழையுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலிமானஸ் என்ற இலவச மனநல உதவி எண் இது. தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. பிள்ளைகளைத் தனியே விட்டுப்போக முடியாதே என்று அவர்களையும் சேர்த்த ஓர் எண்ணம் ஒரு நொடி எழுந்தாலும், அழைத்துப் பேசும்வரை தனியாக இருக்காதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பிள்ளைகளை அன்றிரவு நம்பிக்கையான ஒரு வீட்டில் படுக்க வையுங்கள். கடனுக்குத் தவணை மாற்றம், சட்ட உதவி, புகார் என்று மேலே சொன்ன வழிகள் இருக்கின்றன. அவற்றைச் செய்ய இன்னொருவர் உங்களோடு வருவார், கேளுங்கள்.

கடன் அடையும்வரை பிள்ளையை ஊரில் அப்பத்தாவிடம் விட்டுவைக்கலாமா?

சில வீடுகளில் அதுவே சரியான முடிவு. அப்பத்தா தெம்பாக இருக்கிறார், பிள்ளைக்கு அவரோடு ஒட்டுதல் இருக்கிறது, இங்கோ தினமும் வாசலில் சத்தம் என்றால் அனுப்பலாம். அப்பத்தாவே முடியாதவர் என்றால் பிள்ளைதான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். வேண்டாம்.

அனுப்புவதானால் கல்வியாண்டு முடியட்டும். திருவிழாவுக்குப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போய், தூங்கும்போது விட்டுவிட்டு வராதீர்கள். ஏன், எவ்வளவு காலம் என்று சொல்லிவிட்டு, பிள்ளை விழித்திருக்கும்போது கிளம்புங்கள். அழுதாலும் பரவாயில்லை. எந்தக் கிழமை எத்தனை மணிக்குப் போன் செய்வீர்கள் என்று சொல்லி, அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். ஓவர்டைம் வந்தால் மேஸ்திரியிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிப் பேசுங்கள். அந்தப் பேச்சில் மதிப்பெண்ணைக் கடைசியில் கேளுங்கள்.